தலைவர் வைத்த ராணி

– கைய எடு சூசை. அந்தச் சிப்பாய் பக்கமே கையக் கொண்டு போவாத. மொதல்ல கைய மடியில வை.

– இன்னா கோச்சு சார் இது? என் ஆட்டம், என் சிப்பாயி. உங்க ராணி அது வாயில வந்து குந்திக்கினு இருக்குது. வெட்டாம, வெத்தல பாக்கு வெச்சா அழைக்கறது?

– அது என் ராணி இல்ல.

– வெள்ளக் காய் உங்களுது. அதுவும் வெள்ள. பின்ன யாரு வூட்டு ராணி?

– தலைவர் வெச்ச ராணி. ஆக்சுவலா அது ஒரு நகர்வே இல்லப்பா. அது துவக்க விழா. துவக்க விழாவ யாராவது வெட்டுவாங்களா?

– தொறப்பு விழான்னா ஆட்டம் தொறக்கறதுக்கு முந்தி வரணும் சார். நம்ம ஒரு மணி நேரமா ஆடிக்கினு இருக்கறோம். பாதி காய் வெளிய செத்துக் கெடக்குது. அந்த நேரத்துல உங்க ஆளு மைக்க புடிச்சி, "முதல் காயை நகர்த்தி ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிறார்"ன்னு சொல்றான். கல்யாணம் முடிஞ்சி பந்தில பாயசம் ஊத்தறப்ப வந்து, பந்தக்கால் நடறங்கறீங்க.

– பெரிய மனுஷங்கன்னா லேட்டாதான் வருவாங்க. அது அவங்க லெவல்.

– வரட்டும். நான் வேணாங்கல. ஆனா வந்த மனுசன் ராணிய தூக்கிக் குடுத்துட்டாரு. குடுத்தத வாங்கலன்னா அதுவும் மரியாத இல்ல.

– ரெண்டு பேரும் குரலக் கொறைங்க. மத்த போர்டுல எல்லாம் ஆடிகிட்டு இருக்காங்க. சூசைநாதன் சார், உங்க கடிகாரம் ஓடுது, பாத்துக்கோங்க.

– வாங்க மேடம், நல்ல வேள வந்தீங்க. நடுவர் நீங்கதான். நான் வெட்டலாமா, கூடாதா? ஒரே வார்த்த.

– பிரியா, இப்படி வாம்மா. நீ நம்ம அகாடமி பொண்ணு. நான் வளத்த புள்ள. உனக்கு விளக்கமா சொல்ல வேண்டியதில்ல.

– ஒரு மாசம் வந்தேன் சார். அந்த மாசம் முழுக்க நீங்க வாங்கின கோப்பையெல்லாம் எந்த ஊர்ல வாங்கினதுன்னு சொல்லிக் குடுத்தீங்க. செஸ் நான் வேற எடத்துல கத்துகிட்டேன்.

– சரி சரி. இப்ப இந்த ராணிய அது இருந்த கட்டத்துலயே எடுத்து வை. முடிஞ்சிது.

– அப்படி வைக்க முடியாது. நடந்தத நான் வரிசையா சொல்றேன், தப்பா இருந்தா சொல்லுங்க. விருந்தினர் படியேறி வந்தாரு. கடிகாரத்த நிறுத்தறேன்னு நான் வந்தேன். "தலைவர் காலெடுத்து வைக்கற நேரத்துல நிறுத்தறது கிறுத்தறதுன்னு பேசாத, அபசகுனம்"னு சொன்னது நீங்க. காலி மேசையில வேற ஒரு போர்டு அடுக்கித் தரேன்னேன். "ஒண்ணாம் நம்பர் போர்டு என்னோடது, அதுலதான் தலைவர் கை படணும்"னதும் நீங்க.

– போட்டோவுக்கும்மா! காலி போர்டுல நின்னா போட்டோ எப்படி இருக்கும்? எழவு வூட்டுல நிக்கற மாதிரி இருக்கும்.

– அவரு ராணியத் தூக்கிகிட்டு "இது எங்க போவும்?"னு கேட்டாரு.

– ஆமா மேடம், நான் காதால கேட்டன். அதுக்குக் கோச்சு சார், "தலைவருக்கு எங்க வேணும்னாலும் போவும்"னாரு.

– ஒரு மரியாதைக்கு சொல்றதுதான்யா அது!

– அவரும் நேரா கொண்டு போயி சூசைநாதன் சாரோட சிப்பாய் வெட்டற கட்டத்துல வெச்சாரு. கோணல்மாணலா வெச்சிருந்தா செல்லாதுன்னு நானே திருப்பி வெச்சிருப்பேன். ராணி போகக்கூடிய வழியிலதான் போயிருக்கு. அப்பறம் நீங்க கடிகாரத்த அமுக்கினீங்க, அமுக்கிட்டா நகர்வு முடிஞ்ச கணக்கு.

– கைதட்டற வேகத்துல பட்டுட்டுது.

– போட்டோல தெளிவா தெரியுது சார். உங்க வலது கை அவரு கையக் குலுக்குது, இடது கை கடிகாரத்துல இருக்கு. உங்க ஆளு அத்த அகாடமி ஸ்டேட்டஸ்லயே போட்டுட்டாரு. "பொற்கரங்களால் ஒரு பொன்னான நகர்வு."

– அத்த எடுக்கச் சொல்லிடறேன்.

– எங்க வூட்டுக்காரிகூட இந்நேரம் பாத்துட்டு, "யாரு அந்தப் பொற்கரம்?"னு கேட்டு மெசேஜ் போட்டிருப்பா சார். இனிமே எங்க எடுக்கறது.

– நீ சும்மா இரு சூசை. பிரியா, எனக்கு ஆயிரத்தி எண்ணூத்தி எழுவத்திரண்டு ரேட்டிங். இவருக்கு எவ்வளவு? ஆயிரத்தி நானூத்திச் சொச்சம். அந்த நானூறு இல்ல, அந்தச் சொச்சம்தான் இவரு. உலகத்துல யாராவது நம்புவாங்களா, கலைச்செல்வன் இவருக்கு ராணியத் தூக்கிக் குடுத்தான்னு?

– நம்பறதுக்கு நான் இல்ல சார், விதிதான் இருக்கு. விதிப்படி உங்களுக்கு ஒரு வழி இருக்கு. "இது என் நகர்வு இல்ல, வெளியாள் ஒருத்தர் குறுக்க வந்து காயைத் தொட்டுட்டார்"னு நீங்க முறையீடு பண்ணுங்க. கடிகாரத்த நிறுத்திடறேன், ராணிய பழைய கட்டத்துல வெச்சிடறேன்.

– வெளியாளா? யாரு, தலைவரா வெளியாள்?

– ஆட்டத்துக்கு வெளியாள்தான சார்.

– வாய அலம்பும்மா! எனக்கும் அவருக்கும் இருக்கற நெருக்கம் உனக்குத் தெரியாது. ஒரே தட்டுல சாப்ட்ட மாதிரி.

– மாதிரியா சார்?

– அந்த அளவுக்குன்னு சொல்றேன் சூசை. போன வாரம் விளையாட்டு வாரியத் தலைவரா அவரு பேர அறிவிச்சதுமே மொத வாழ்த்து என்னோடதுதான். அகாடமி அங்கீகார ஃபைல் அவரு மேசையிலதான் கெடக்குது. இன்னிக்கு அவரு மனசு குளுந்து போவணும். அந்த நேரத்துல போயி, "ஐயா நீங்க வெச்சது தப்பு, நீங்க வெளியாள்"னு சொல்லச் சொல்றியா?

– நீங்க அவருகிட்ட சொல்ல வேணாம். மைக்ல நான் அறிவிச்சுடுவேன். அறிவிக்காம ஒண்ணாம் போர்டுல காயை மாத்தி வைக்க முடியாது, உங்க அகாடமி புள்ளைங்களப் பெத்தவங்க எல்லாம் ஜன்னல்ல நின்னு பாக்கறாங்க.

– மைக்லயா? பக்கத்து ரூம்ல டிபன் சாப்பிட்டுகிட்டு இருக்காரும்மா, கேசரி பாதித் தொண்டையில இருக்கும். அதெல்லாம் வேணாம். முறையீடு கெடையாது.

– அப்ப நகர்வு நிக்கும்.

– நிக்கட்டும். ஆக்சுவலா யோசிச்சுப் பாத்தா அது தப்பான நகர்வும் இல்ல. நீங்கள்லாம் மேலோட்டமா பாக்கறீங்க. அது ஒரு தியாகம். ராணித் தியாகம். மாஸ்டருங்க லெவல்லதான் இதெல்லாம் வரும்.

– அட! அப்ப நல்லதாப் போச்சி. தியாகம்னா எதுராளி வாங்கிக்கணும் இல்ல? தோ, வாங்கிக்கறன்.

– கைய எடு! தியாகத்த ஒடனே வாங்கிக்கறது பண்பாடு இல்ல சூசை. அத்தப் பாத்துப் பிரமிச்சி ஒதுங்கிப் போவணும்.

– நான் படிக்காத ஆளு சார், எனக்குப் பிரமிக்கத் தெரியாது. வெட்டத்தான் தெரியும்.

– தலைவர் வந்ததும் மொத வார்த்த இன்னா கேட்டாரு, ஞாபகம் இருக்கா? "பொண்ண எங்க உக்கார வெச்சிருக்கீங்க?" எப்படி இருக்கு கேள்வி! ஒத்த வரியில ஒரு கொள்கை. பெண்ணுக்கு முன்னுரிமை. அதான் ராஜா, யானை, குதிரை எல்லாத்தையும் விட்டுட்டு நேரா ராணியத் தொட்டாரு. அவரு லெவல்ல யோசிக்கறவரு.

– நான் மேடத்தத் தேடறாருன்னு நெனச்சன்.

– என்னைப் பாத்துட்டு "இது இல்ல"ன்னுட்டு அந்தப் பக்கம் போயிட்டாரு. சூசைநாதன் சார், நேரம் போவுது. வெட்டறதுன்னா வெட்டுங்க, வேற ஆடறதுன்னா ஆடுங்க. பேச்சு உங்க கணக்குலதான் ஓடுது.

– தெரியிது மேடம். கோச்சு சார் தெரிஞ்சிதான் பேசிக்கினு இருக்காரு. ஒண்ணு மட்டும் சொல்லிட்டு வெட்டிடறன். சார், நான் கம்பெனி கேட்ல ராத்திரி முழுக்க நின்னுட்டு, தூங்காம, சோரியாங்குப்பத்துலேருந்து பஸ் புடிச்சி வரன். ஒவ்வொரு டோர்னமெண்ட்டுக்கும் வரன், தோத்துட்டுப் போறன். எங்க வூட்டுல காசம்மா சொல்லுது, "தோக்கறதுக்கு எதுக்கு பஸ்ஸு ஏறிப் போற, வூட்டுலயே குந்திக்கினு தோக்கக் கூடாதா"ன்னு. எனக்கு ஒரே ஆச சார். உங்கள மாதிரி பெரிய ரேட்டிங்கு ஆளு ஒருத்தன, ஒரே ஒருத்தன, சாய்க்கணும். ஒரு தடவ. அப்பறம் இந்தப் போர்ட தொடக்கூட மாட்டன்.

– இப்படி ஜெயிச்சா அது ஜெயிப்பா சூசை? உன் மனசாட்சியத் தொட்டு சொல்லு.

– மனசாட்சியா? போன வருசம் வில்லியனூர் டோர்னமெண்ட்ல என் போன் அடிச்சிது, ஆட்டத்துல போன் அடிச்சா தோல்வின்னு எழுதிட்டாங்க. யாரு அடிச்சது போனு? எதுர குந்திக்கினு இருந்த நீங்க, பாத்ரூம் போறன்னு போயி, அங்கேருந்து எனக்கு அடிச்சீங்க.

– ஆல் த பெஸ்ட் சொல்லலாம்னு.

– ஆட்டத்துக்கு நடுவுல, எதுராளிக்கா?

– பெருந்தன்மைக்கு நேரங்காலம் பாக்கக் கூடாது. சரி, ஜன்னல் பக்கம் பாக்காத. பெத்தவங்க பாக்கறாங்க. நான் சிரிச்சிகிட்டு இருக்கேன் பாரு, நீ கொஞ்சம் கவலையா மூஞ்சிய வெச்சிக்க. உனக்கு ராணி கெடைக்கப் போவுதுன்னு யாருக்கும் தெரிய வேணாம்.

– எனக்கு சிரிப்பு வருதே சார்.

– வரும், வரும். உஷாராணி எப்படி இருக்கா?

– யாரு, எம் பொண்ணா? அத்த எதுக்கு இங்க இழுக்கறீங்க?

– கபடி ஆடற பொண்ணு. விளையாட்டு ஒதுக்கீட்டுல வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கா இல்ல? கேள்விப்பட்டேன். அந்த சிபாரிசெல்லாம் யாரு கையெழுத்துல போவுதுன்னு தெரியுமா?

– யாரு கையெழுத்துல?

– பக்கத்து ரூம்ல கேசரி சாப்டறாரு பாரு, அவரு கையெழுத்துல.

– ஆண்டவரே.

– நான் மிரட்டல சூசை. யோசிச்சுப் பாருன்றேன். சாப்ட்டுட்டு கை கழுவிட்டு வருவாரு. வந்ததும், "நம்ம வெச்ச ராணி இன்னா ஆச்சு?"னு கேப்பாரு. நான் இன்னா சொல்லட்டும்? "சோரியாங்குப்பத்து சூசைநாதன் வெட்டிட்டாருங்க, உஷாராணியோட அப்பா"ன்னு சொல்லட்டுமா?

– கலைச்செல்வன் சார், இது எதிராளியத் தொந்தரவு பண்றது. விதிப்படி நான் உங்கள எச்சரிக்கறேன்.

– தகவல் சொல்றதும்மா இது. தகவல் அறியும் உரிமை இருக்கு அவருக்கு.

– சூசைநாதன் சார், நீங்க வெட்டுங்க. நான் இருக்கேன். யாரு கேட்டாலும் விதிய நான் சொல்றேன்.

– நீ நல்ல பொண்ணும்மா. ஆனா நீ விதிய சொல்லுவ, அவரு கையெழுத்து போடமாட்டாரு. எம் பொண்ணு முட்டி தேய ஓடிக்கினு இருக்குது. காலுல கட்டுப் போட்டுக்கினு மைதானத்துக்குப் போவுது. நான் ஒரு மரப்பாச்சி ராணிக்கு ஆசப்பட்டு...

– பாத்தியா, அப்பான்னா இப்படி யோசிக்கணும். இதுக்குத்தான் உன்ன எனக்குப் புடிக்கும்.

– சரி சார். நான் வெட்டல. குதிரைய நகத்திக்கறன். நீங்க அடுத்த நகர்வுல உங்க ராணிய எடுத்துக்கினு வூடு போயி சேருங்க. சமமா ஆடுவோம்.

– அதெப்படி முடியும்?

– ஏன், இன்னா?

– தலைவர் வெச்ச எடத்துலேருந்து நான் எப்படிப்பா எடுக்கறது? போறப்ப திரும்பி ஒரு தடவ எட்டிப் பாப்பாரு. அவரு வெச்ச எடத்துல ராணி இல்லன்னா, "நான் வெச்சது தப்புன்னு மாத்திட்டியா கலைச்செல்வா?"ம்பாரு.

– அப்ப நானும் வெட்டக் கூடாது, நீங்களும் நகத்தக் கூடாது. ராணி அங்கியே செல மாதிரி நிக்கணும். ஏன் சார், சுத்தி கம்பி வேலி போட்டு மால போட்டுடலாமா?

– கிண்டல் பண்ணாத. வழி இருக்கு. டிரா.

– ராணி இனாமா கெடைக்கற எடத்துல டிராவா?

– எனக்கு மட்டும் இஷ்டமா? ஆயிரத்தி எண்ணூத்தி எழுவத்திரண்டுக்கு உன்கிட்ட டிரான்னா அது பாதி சாவு. உனக்காகத்தான் எறங்கி வரேன். உனக்கும் அரைப் புள்ளி, ரேட்டிங்கும் ஏறும். சாயந்தரம் நானே உன்ன உள்ள கூட்டிகிட்டு போயி, "இவரு நம்ம ஆளு"ன்னு சொல்றேன். உஷாராணி விஷயம் முடிஞ்சிது.

– சத்தியமா சொல்லுவீங்களா?

– என் பேரச் சொன்னாலே எழுந்து நின்னுடுவாரு. வா, டிரா கேளு.

– நான் கேக்கணுமா? ராணி மாட்டிக்கினு இருக்கறது உங்களுது சார்!

– ரேட்டிங் கம்மியா இருக்கறவங்கதான் கேக்கணும். அதான் மரபு. மேல இருக்கறவன் கீழ எறங்கிக் கேக்க முடியாது. கொஞ்சம் சத்தமா கேளு, ஜன்னலுக்குக் கேக்கணும்.

– அப்படி ஒரு மரபும் இல்ல. சூசைநாதன் சார், கடைசியா சொல்றேன். உங்களுக்கு ஜெயிக்கற ஆட்டம். நேரமும் இருக்கு.

– இருக்கட்டும் மேடம். பொண்ணப் பெத்தவன் ராணிய வெட்ட முடியாதுன்னு வெச்சிக்குங்க. கோச்சு சார், டிரா வெச்சிக்கலாமா?

– ம்ம்ம்.

– சார்?

– இரு. கொஞ்சம் யோசிக்கற மாதிரி இருக்கணும்.

– என் கடியாரம் ஓடுது சார்!

– அதான் நிதானமா யோசிக்கறேன். ம்ம். நெலம சிக்கலாத்தான் இருக்கு. எனக்குத்தான் கை ஓங்கியிருக்கு, ஆனா வயசுல பெரியவரு கேக்கறாரு... சரி. ஒத்துக்கறேன். கையக் குடு. சிரி. அந்தப் பக்கம் பாத்து சிரி. பிரியா, நீயும் ஒரு போட்டோ எடும்மா.

– நான் நடுவர் சார், போட்டோகிராபர் இல்ல. ரெண்டு பேரும் முடிவுத் தாள்ல கையெழுத்து போடுங்க. போட்டா மாத்த முடியாது, தெரியும்ல?

– தோ, போட்டாச்சி.

– நானும் போட்டாச்சி மேடம்.

– சரி சார். ஆளுக்கு அரைப் புள்ளி.

– அப்பாடா! பிரியா, மைக்ல இப்படி சொல்லச் சொல்லு: "தலைவர் அவர்கள் நகர்த்திய ராணியை, களத்தில் கடைசி வரை எவராலும் வீழ்த்த முடியவில்லை!" நாளைக்கு பேப்பர்ல இதான் தலைப்பு.

– கோச்சு சார், நம்ம விசயம்? சாயந்தரம்லாம் வேணாம். அவரு இங்கதான இருக்காரு, இப்பவே ஒரு வார்த்த சொல்லிடுங்க. எம் பொண்ணு பேரு, அப்ளிகேசன் நம்பரு எல்லாம் என் போன்ல இருக்குது.

– வா, வா. சட்டையை இழுத்து விட்டுக்க. உள்ள போனதும் நீ பேசாத, நான் பேசறேன். கும்புடு மட்டும் போடு. எனக்கும் அவருக்கும் ஒரு கண்ணசைவு போதும்.

– ஒரு நிமிஷம் நில்லுங்க சார். வாரியத்துலேருந்து போன் வருது... வணக்கம் சார்... ஆமா, நடுவர்தான் பேசறேன்... அப்படிங்களா... சரிங்க... இல்லைங்க, பரவால்லைங்க. வைக்கறேன்.

– இன்னாவாம்மா? தலைவருக்கு மோர் வேணுமாமா?

– தலைவரோட வண்டி இப்பதான் கரிக்கலாம்பாக்கம் தாண்டி வருதாம் சார். வழியில ரெண்டு நிகழ்ச்சியாம், தாமதத்துக்கு வருத்தம் சொல்லச் சொன்னாராம்.

– எந்தத் தலைவர்?

– வாரியத் தலைவர்.

– என்னம்மா உளர்ற! அவரு உள்ள கேசரி சாப்ட்டுகிட்டு இருக்காரு!

– கோச்சு சார், உங்களுக்கு அவரு மூஞ்சி தெரியும் இல்ல?

– வெள்ள வேட்டி... வெள்ள சட்ட... பெரிய வண்டி... கூட ரெண்டு பேரு தட்டு தூக்கிகிட்டு... மூஞ்சிய எவன்யா பாத்தான்!

– கேசரி சாப்ட்டவரே இப்ப வந்து சொல்றாரு, கீழ் ஹால்ல இன்னிக்கு வளைகாப்பாம் சார். அவரு அந்தப் பொண்ணோட பெரியப்பாவாம், பண்ருட்டியிலேருந்து வந்திருக்காரு, தெரியாம ஒரு மாடி கூட ஏறிட்டாராம். தோ, கதவாண்டதான் நிக்கறாரு: "நீங்க வற்புறுத்தினதால எதையோ எடுத்து எங்கயோ வெச்சிட்டேன், தப்பா இருந்தா அந்த அண்ணன வெட்டிக்கச் சொல்லும்மா"ங்கறாரு.